சொட்டுவது ஓரிடம்... கசிவது வேறிடம்!

மார்கழி மாத ஓசூரில் காலை ஐந்தரை மணிக்கு வாசலுக்கு வந்தால் பல் தந்தியடிக்கும். அந்தக் குளிரிலும் ராயக்கோட்டை சாலையை ஒட்டிய அந்த காம்பவுண்டில் மூன்று வீட்டுப் பெண்களும் கோலமாவு டப்பாவோடு ஆஜராகிவிடுவார்கள். அவர்களுக்கு இடம்விடுவதற்காக நடுவீட்டுக்காரர் தன் மாருதி 800 காரைத் தள்ளிக்கொண்டுபோய்த் தெருவில் நிறுத்துவார். கார் நின்ற இடத்தில் ஹவுஸ் ஓனரம்மாவின் தாமரைக் கோலம் மலரும்.

கடந்த மார்கழியில் ஒருநாள், வெயில் வருவதற்குள் ஒரு தாமரை மட்டும் பழுப்பு நிறமாகிவிட்டது. சிமென்ட் தரையில் ஊறிக்கிடந்த என்ஜின் ஆயிலைக் கோலமாவு உறிஞ்சியிருந்தது.

"என்ன சார், உங்க காரும் கோலம் போடுது?" என்றார் ஓனரம்மா. அன்று எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு நாள் கழித்து, கடைசி வீட்டுப் பாட்டி அதே இடத்தில் கால் வழுக்கித் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபோது யாரும் சிரிக்கவில்லை. "இனிமே காரை ரோட்லயே நிறுத்திக்குங்க சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டார் ஓனரம்மா.

அந்த வீட்டு அப்பாவுக்கு வயது 62. சிப்காட்டில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் 31 வருடங்கள் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவருடைய மகள் தினமும் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறாள். அந்த கார் 1998 மாடல். 2004-ல், மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருடம், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நம்பர் பிளேட்டில் இன்னும் டி.என். 29, அதாவது தர்மபுரி. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதே 2004 பிப்ரவரியில்தான். மாவட்டம் பிறப்பதற்கு முன்பே பதிவான கார் அது.

ஷூ ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆறு டப்பாக்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டைப் பெருக்கும்போது ஷூ ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்து காலி ஆயில் டப்பாக்கள் உருண்டு வந்தன. ஒவ்வொன்றும் அரை லிட்டர். மொத்தம் ஆறு.

"என்னப்பா இது?"

"ஆயில் கொஞ்சம் குறையுது பாப்பா. ரெண்டு மாசத்துக்கு ஒருதடவை ஊத்திக்கிறேன்."

"ஒரு வருஷமாவா?"

பதில் வரவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவருக்கு ஏற்கெனவே தெரியும்போல.

அன்று மாலையே காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்கள். ஓசூருக்கே உரிய மெக்கானிக் அவர். பையனைக் கன்னடத்தில் திட்டுவார், வாடிக்கையாளரிடம் தெலுங்கில் பேசுவார், கணக்கைத் தமிழில் சொல்வார். டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். ஆயில், கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது.

"சிவப்பு லைட் எரியவே இல்லையே தம்பி?"

"அந்த லைட் ஆயில் எவ்வளவு இருக்குன்னு சொல்லாது சார். பிரஷர் இருக்கா இல்லையான்னுதான் சொல்லும். அது எரியுற நேரத்துக்கு பேரிங் காய ஆரம்பிச்சிருக்கும்."

பிறகு காருக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தார். என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடிப்பகுதியில் சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டு முகர்ந்தார். கியர் ஆயிலுக்குக் கந்தகம் கலந்தாற்போல ஒரு நெடி இருக்கும், இதில் அது இல்லை. இது என்ஜின் ஆயில்.

"கிராங்க் பின்பக்க ஆயில் சீல் போயிருக்கும் சார். கியர்பாக்ஸை இறக்கணும். இறக்கிட்டா கிளட்ச்சையும் மாத்திடலாம். பதினாலாயிரம் வெச்சுக்குங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா பேசவில்லை. வாசலில் இறங்கும்போது, "வித்துடலாம். பழைய இரும்புக்காரன்கிட்ட கேட்டு வெச்சிருக்கேன்" என்றார். 2023-ல் 5,000 ரூபாய் கட்டி, எஃப்.சி. காட்டி, ஐந்து வருடத்துக்குப் பதிவைப் புதுப்பித்த கார் அது. அதற்காக ஆர்.டி.ஓ. ஆபீஸில் இரண்டு நாள் வெயிலில் நின்றவர் அவர்தான்.

எட்டுச் சொட்டுக் கணக்கு

மகள் சண்டை போடவில்லை. அன்று இரவு, ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து காருக்கு அடியில் விரித்தாள். காலையில் எண்ணினாள். எட்டுச் சொட்டு.

"ஒரு மில்லி ஆயில்ல எத்தனை சொட்டுப்பா இருக்கும்?"

"இருபது, இருபத்தஞ்சு இருக்கும்."

"அப்போ ராத்திரிக்கு எட்டுச் சொட்டுன்னா அரை மில்லிகூட இல்லை. ரெண்டு மாசத்துக்கு இருபது, முப்பது மில்லி. நீங்க ஊத்துறது ஐந்நூறு மில்லி. மிச்சம் எங்கே?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். நாலு வருடமாக அந்த முகத்தில் பார்க்காத ஒன்றை மகள் அப்போது பார்த்தாள். தொழிற்சாலையில் கணக்கு உதைக்கும் உதிரிபாகத்தைக் கையில் வாங்கும்போது அவர் முகம் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

"சைலன்ஸர்ல நீலப் புகை இல்லை. அதனால என்ஜினுக்குள்ள எரியலை" என்றார் மெதுவாக. "அப்போ வண்டி ஓடும்போதுதான் வெளியே போகுது. நின்னப்புறம் சொட்டுறது வெறும் மிச்சம்."

அதாவது, தரையில் தெரியும் கறை, கதையின் கடைசி வரி மட்டுமே. ஆயில் மேலே எங்கிருந்து வேண்டுமானாலும் கிளம்பியிருக்கலாம். ஓட்டத்தில் காற்று அதைப் பின்னால் தள்ளும். விளிம்பு, போல்ட், மூடி என்று வழி கண்டுபிடித்து இறங்கி, ஆகத் தாழ்வான இடத்தில் சொட்டாகத் தொங்கும். மெக்கானிக் பொய் சொல்லவில்லை. சொட்டு இருந்த இடத்தைப் பார்த்தார், அந்த இடம் சொன்னதைச் சொன்னார்.

"சரி, எங்கே கிளம்புதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? என்ஜின் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கா இருக்கே?"

இதற்குப் பதில் சொன்னது அம்மா. "கோலமாவு போட்டா, ஈரம் எங்கே இருக்கோ அங்கேதானே கறுத்துச்சு? என்ஜினைக் கழுவிட்டு அதையே தூவிப் பாருங்களேன்."

"கோலமாவுல கல் பொடி இருக்கும். உள்ளே போச்சுன்னா என்ஜின் காலி" என்ற அப்பா, அலமாரியைப் பார்த்தார். அங்கே முகத்துக்குப் போடும் டால்கம் பவுடர் டப்பா இருந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

கார் மூஞ்சிக்கு பவுடர்

உலகம் முழுக்க மெக்கானிக்குகள் அறிந்த பழைய உத்திதான் இது. இன்று பெரிய ஒர்க்‌ஷாப்களில் ஆயிலோடு ஒளிரும் சாயத்தைக் கலந்து, புற ஊதா விளக்கில் பார்க்கிறார்கள். பவுடர் அதன் ஏழை அண்ணன்.

என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பேட்டரி ஒயரைக் கழற்றினார்கள். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர் மூன்றையும் பாலிதீன் பையால் மூடிக் கட்டினார்கள். பழைய பிரஷ்ஷை டீசலில் தொட்டுத் தேய்த்து, ஷாம்பூ தண்ணீரில் துடைத்து, அரைநாள் வெயிலில் காயவைத்தார்கள். 796 சி.சி., மூன்று சிலிண்டர் கொண்ட அந்தக் குட்டி என்ஜினின் உண்மையான நிறமே அன்றுதான் மகளுக்குத் தெரிந்தது. பிறகு ஹெட் கவர் ஓரம், ஆயில் ஃபில்டர் பக்கம், டைமிங் பெல்ட் மூடியின் அடி, கியர்பாக்ஸ் இணைப்பு என்று மெல்லிசாக பவுடர் தூவினார்கள். காம்பவுண்டே மணத்தது.

ஸ்டார்ட் செய்து கால் மணி நேரம் ஓடவிட்டார்கள். பவுடர் வெள்ளையாகவே இருந்தது.

"நின்ன இடத்துல ஓடுனா என்ஜினுக்கு வேலையே இல்லையே" என்றார் அப்பா. "சுமை ஏறினாத்தான் குட்டு வெளிப்படும். மேலுமலை வரைக்கும் போய் வருவோம்."

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி அதைவிட முந்நூறு மீட்டருக்கு மேல் தாழ்வு. பேரண்டப்பள்ளி, சூளகிரி தாண்டி மேலுமலைப் பக்கம் தேசிய நெடுஞ்சாலை சரசரவென்று இறங்கும். விபத்துகளுக்குப் பேர்போன இறக்கம் அது. போகும்போது இறங்கிய காருக்குத் திரும்பும்போதுதான் பரீட்சை. மகள் ஓட்டினாள். கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மூன்றாவது கியரில் முனகிக்கொண்டு ஏறியது மாருதி. சூளகிரி வந்ததும் ஓரங்கட்டி, எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு பானட்டைத் திறந்தார்கள்.

பாதி பவுடர் காற்றில் போயிருந்தது. மிச்சமே போதுமானதாக இருந்தது. சிலிண்டர் ஹெட்டின் ஓரத்தில், கியர்பாக்ஸுக்கு நேர் மேலே இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் அடியிலிருந்து, ஒரு பழுப்புக் கோடு கிளம்பி, என்ஜினின் முதுகோடு வளைந்து, நேராக கியர்பாக்ஸ் இணைப்பில் போய் முடிந்திருந்தது. சொட்டு தொங்கிய அதே இடம்.

மூன்று சிலிண்டர்களுக்கும் முறைவைத்து மின்பொறியைப் பங்கிட்டுக் கொடுப்பதுதான் டிஸ்ட்ரிபியூட்டரின் வேலை. அது என்ஜினுக்குள் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பெயர் ஓ-ரிங். கசிந்தது அங்கிருந்துதான். கியர்பாக்ஸை இறக்கி, பின்பக்க சீலைப் புதுசாக மாற்றியிருந்தாலும் மறுநாள் அதே எட்டுச் சொட்டு விழுந்திருக்கும்.

ஐந்து 'ஏன்'கள்

ஓசூரில் ஆலை வேலைக்குப் போன எவரிடமும் 'ஃபைவ் ஒய்' என்று சொல்லிப் பாருங்கள், உடனே தலையாட்டுவார்கள். ஒரு கோளாறு வந்தால் முதல் காரணத்தோடு நிற்காமல், ஐந்து முறை 'ஏன்?' என்று கேட்கும் பழக்கம் அது. ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் வளர்ந்த முறை. அதைப் பரப்பிய டைச்சி ஓனோ சொல்லும் உதாரணம்கூட எண்ணெய் பற்றியதுதான். இயந்திரம் ஏன் நின்றது? ஃபியூஸ் போனது. ஏன் போனது? பேரிங்கில் எண்ணெய் போதாமல் சுமை ஏறியது. ஏன் போதவில்லை? எண்ணெய் பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன் இழுக்கவில்லை? அதன் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் இரும்புத் துகள் உள்ளே போனது. ஃபியூஸை மட்டும் மாற்றியிருந்தால் இயந்திரம் மறுபடி நின்றிருக்கும்.

தரத்துக்கு ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசு, 2002-ல் ஓசூரின் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனத்துக்குக் கிடைத்தது. அந்தக் காலத்தில் சிப்காட் வட்டாரத்தில் சின்னச் சின்ன உதிரிபாக ஆலைகளின் சுவரில்கூட 'ஏன்? ஏன்?' என்று எழுதியிருக்கும். அப்பா 31 வருடம் அந்தச் சுவருக்குக் கீழே நின்றவர். ஆனால், சொந்த காரில் ஆயில் குறைந்தபோது ஒரு முறைகூட 'ஏன்' என்று கேட்காமல், டப்பா வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தார்.

சூளகிரி சாலையோர டீக்கடையில் மகள் ஆரம்பித்தாள்.

"ஏன்ப்பா தரையில ஆயில்?"

"ஓ-ரிங் கசியுது."

"ஏன் கசியுது?"

"வயசாகி ரப்பர் இறுகியிருக்கும். ஆனா அது மட்டும் இருக்காது. உள்ளேயிருந்து அழுத்தம் தள்ளுது."

என்ஜின் ஓடும்போது கொஞ்சம் எரிவாயு பிஸ்டன் ஓரமாகக் கீழே நழுவும். அது வெளியேற, ஹெட் கவரிலிருந்து ஏர் ஃபில்டருக்கு ஒரு ரப்பர் குழாய் போகும். அதுதான் ப்ரீதர். மூச்சுக்குழாய் என்று வைத்துக்கொள்ளலாம். அது அடைத்துக்கொண்டால், உள்ளே சேரும் அழுத்தம் எந்த சீல் பலவீனமோ அதன் வழியாக ஆயிலைப் பிதுக்கும். அப்பா அந்தக் குழாயை இழுத்துக் கழற்றி ஊதிப் பார்த்தார். காற்று போகவில்லை. உள்ளே கறுப்புப் பசை.

"ஏன் அடைச்சுது?"

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காட்டினார். உட்புறம் ஆறிப்போன காபியின் மேல் படியும் ஏடு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. "தண்ணியும் ஆயிலும் கலந்தது. என்ஜின் நல்லா சூடானாத்தான் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகிப் போகும். சும்மா ரெண்டு கிலோமீட்டர் ஓடி நிறுத்தினா அங்கேயே தங்கி, பசையாயிடும்."

"ஏன் ரெண்டு கிலோமீட்டரே ஓடுது? முன்னாடியெல்லாம் மாசத்துக்கு ரெண்டுதடவை கிருஷ்ணகிரி சித்தப்பா வீட்டுக்குப் போவோமே? கே.ஆர்.பி. டேம் போவோமே?"

டீ கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார் அப்பா. ஐந்தாவது 'ஏன்' அது.

"பென்ஷன் மூவாயிரத்துச் சொச்சம் வருது பாப்பா. பெட்ரோல் விலை உனக்குத் தெரியும். காய்கறி மார்க்கெட்டு, கோயிலுன்னு போனா போதும்னு விட்டுட்டேன். உன்கிட்ட கேட்கலாம்தான். கேட்க வரலை."

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மகளுக்கு உடனே எதுவும் சொல்லத் தோன்றவில்லை. அவளும் மாதா மாதம் வீட்டுச் செலவுக்குப் பணம் அனுப்பிவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தவள்தான். அம்மா கையில் போகும் அந்தப் பணத்தில், அப்பா தன் பெட்ரோலுக்கென்று ஒரு ரூபாய்கூட எடுத்ததில்லை என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"ஞாயித்துக்கிழமை வண்டி என்னுது" என்றாள் கடைசியில். "நான் ஓட்டுறேன், நான் பெட்ரோல் போடுறேன். ஹைவேல ஓட்டிப் பழகணும் எனக்கு. நீங்க பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக்குடுங்க."

"அதெல்லாம் நல்லாத்தான் ஓட்டுறே" என்றார் அப்பா. வேண்டாம் என்று சொல்லவில்லை.

மொத்தம் 2,070 ரூபாய்

மறுநாள் மெக்கானிக்கிடம் பவுடர் பூசிய என்ஜினைக் காட்டியபோது, அவர் கொஞ்ச நேரம் அந்தப் பழுப்புக் கோட்டையே பார்த்தார். "மேலே பார்க்காம கீழேயே பார்த்துட்டேன் சார்" என்றார். பையனைக் கூப்பிட்டு, "நோடு, இல்லி நோடு" என்று கன்னடத்தில் காட்டிக்கொடுத்தார்.

வேலை ஒரு மணி நேரம்தான். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றுவதற்கு முன் அது நிற்கும் கோணத்தை ஒரு கோடு கீறி அடையாளம் வைத்துக்கொண்டார். அது மாறினால் இக்னிஷன் டைமிங் மாறி, கார் இழுக்காது. பழைய ஓ-ரிங் பிளாஸ்டிக் வளையல் போல இறுகி, அழுத்தியபோது இரண்டாக உடைந்தது. புது ஓ-ரிங் 40 ரூபாய். ப்ரீதர் குழாய் 180. புது ஆயிலும் ஃபில்டரும் 1,350. கூலி 500. கடைசியாக, டைமிங்கை ஒருமுறை சரிபார்த்துவிட்டு பானட்டை மூடினார்.

உடைந்த ஓ-ரிங்கை அப்பா சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தொழிற்சாலையில் பழுதான பாகத்தைத் தேதி எழுதி எடுத்துவைக்கும் பழக்கம் அது.

தரையில் ஊறிய கறையைப் போக்கத்தான் அதிக நாள் ஆனது. மரத்தூள் போட்டு, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தும் ஒரு நிழல் மிஞ்சியது. போகிக்கு முந்தைய நாள் ஓனரம்மா அந்த நிழலின் மேலேயே கோலம் போட்டார். மத்தியானம் வரை தாமரை வெள்ளையாகவே இருந்தது. "சார், உள்ளேயே நிறுத்திக்குங்க" என்றார்.

ஒரு வாரம் கழித்து, சொட்டே விழாத அட்டையை எடுத்துக் குப்பையில் போடப் போனாள் மகள்.

"இரு இரு" என்று அப்பா அதை வாங்கி மறுபடியும் காருக்கு அடியில் தள்ளினார். "இந்த ஞாயித்துக்கிழமை டேமுக்குப் போயிட்டு வந்து பார்ப்போம். அதுக்கப்புறம்தான் ஓகே சொல்லணும்."